கோதுமையும் பத்துமணிப்பூவும்: ஜுபைலில் ஒரு தண்ணீர்க் கணக்கு

ஊரிலிருந்து வருகை விசாவில் ஜுபைலுக்கு வரும் பெற்றோர்கள் பலர் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். மாலையில் வீதியோரம் நடக்கும்போது பூப்பாத்திகளையும் அவற்றின் இடையே ஓடும் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய்களையும் பார்ப்பார்கள். "தின்ன ஏலாத பூவுக்கு இவ்வளவு தண்ணியோ? இதை ஒரு வயலுக்கு விட்டால் நாலு பேர் சாப்பிடலாமே" என்பார்கள். வன்னியிலோ வலிகாமத்திலோ தண்ணீர் இறைத்துத் தோட்டம் செய்தவர்களுக்கு அது இயல்பான கேள்வி. பிள்ளைகளும் கேட்கிறார்கள். பதில் சொல்லத்தான் எங்களில் பலருக்குத் தெரிவதில்லை.

இந்தக் கேள்விக்குச் சவூதி அரேபியா ஏற்கெனவே ஒரு தடவை பெருஞ்செலவில் பதில் தேடிப் பார்த்திருக்கிறது. பாலைவனத்தில் கோதுமை விளைவித்தது. உலகச் சந்தைக்கு ஏற்றுமதியும் செய்தது. பின்னர் தானே அதைக் கைவிட்டது. அந்த அனுபவத்தை விளங்கிக்கொள்ள, நாம் தினமும் உண்ணும் கோதுமையையும் வீட்டு மாடியில் சாடிகளில் வளர்க்கும் பத்துமணிப்பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். ஒன்று தானியப் பயிர், மற்றது நிலத்தோடு படரும் அலங்காரப் பூ. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது தண்ணீர் மட்டும்தான்.

இரண்டு செடிகள்

கோதுமை புல் குடும்பத்தைச் சேர்ந்தது. நெல், குரக்கன், சோளம் எல்லாம் அதன் உறவினர். ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, யூப்பிரட்டீஸ், தைகிரிஸ் நதிகளின் மேற்பகுதிகளை ஒட்டிய நிலங்களில் மனிதர் அதைப் பயிராக்கினர். அந்த இரு நதிகளும் வந்து சேருவது ஜுபைலின் கரையைத் தொடும் இதே வளைகுடாவில்தான். கோதுமை குளிர்காலப் பயிர். வளைகுடா நாடுகளில் நொவெம்பர், டிசெம்பரில் விதைத்து ஏப்ரல், மே மாதங்களில் அறுப்பார்கள். ஒரு கிராமில் ஏறக்குறைய 25 மணிகள் இருக்கும். வேர் ஒரு மீற்றருக்கும் கீழே இறங்கக்கூடியது. நாற்று முளைத்ததிலிருந்து கதிர் முற்றும் வரை நான்கு முதல் ஐந்து மாதங்கள் இடைவிடாமல் ஈரம் வேண்டும்.

பத்துமணிப்பூவுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். மேசைரோசா என்பவர்களும் உண்டு. அதன் தாவரவியற் பெயர் போர்ட்டுலக்கா கிராண்டிஃபுளோரா. பிறந்த இடம் ஆர்ஜென்ரீனா, உருகுவே, தென் பிரேசில் பகுதிகள். ஊசிபோல் உருண்ட, நீர் நிறைந்த இலைகள். ஒரு சாண் உயரத்தைத் தாண்டாமல் பக்கவாட்டில் படரும். விதை தூசுபோல் சிறியது. ஒரு கிராமில் சுமார் பத்தாயிரம் விதைகள் இருக்கும். ஆனால் விதைக்கு யாரும் காத்திருப்பதில்லை. ஒரு கொப்பை முறித்து நட்டால் வேர் பிடித்துவிடும். பூ காலை வெயில் ஏறியதும் விரிந்து, பிற்பகலில் சுருங்கிவிடும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். அடுத்த நாள் வேறு பூ.

இந்தப் பூவுக்கு உணவாகும் ஒரு சகோதரியும் உண்டு. தமிழ்நாட்டில் பருப்புக்கீரை எனவும் அரபில் ரிஜ்லா எனவும் சொல்லப்படும் கீரை இதே இனத்தைச் சேர்ந்தது. ஜுபைல் மரக்கறிக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்பார்கள். நாம் பருப்போடு சேர்த்துச் சமைக்கலாம். ஆகவே, ஒன்று உணவு, மற்றது வெறும் அழகு என்ற பிரிவுகூட நாம் நினைக்கும் அளவுக்குத் தெளிவானதல்ல.

வெயிலில் யார் நிற்பார்

செடி ஒளித்தொகுப்புச் செய்ய இலைவாயைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளே எடுக்க வேண்டும். இலைவாய் திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாக வெளியேறும். பாலைவனத்தில் ஒவ்வொரு செடியும் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான்.

கோதுமை தீர்க்கும் முறை பழையது. சி3 என்று அழைக்கப்படும் இந்த முறையில், வெப்பம் ஏற ஏறச் செடி காபனீரொட்சைட்டுக்குப் பதிலாக ஒட்சிசனைப் பிடித்து, சேர்த்த சக்தியில் ஒரு பகுதியை வீணாக்கும். 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரை கோதுமைக்கு இதமான காலநிலை. மணி பிடிக்கும் வேளையில் வெப்பம் 30 பாகையை நன்றாகத் தாண்டினால் மணி சுருங்கிவிடும். இதனால்தான் வளைகுடாவில் அதைக் குளிர்காலத்தில் மட்டும் விதைக்கிறார்கள்.

பத்துமணிப்பூ சி4 முறையைக் கையாள்கிறது. இது காபனீரொட்சைட்டைச் செறிவாக்கிக் கொடுக்கும் முறை. வெப்பத்தில் சக்தி வீணாவது குறைவு. எமது குரக்கன், கம்பு, சோளம் ஆகியவையும் இந்த வகைதான். அதனால்தான் மழை பொய்த்த ஆண்டிலும் அவை ஓரளவுக்குத் தாக்குப்பிடித்தன. பத்துமணிப்பூவிடம் இன்னொரு உபாயமும் உண்டு. தண்ணீர் கிடைக்காதபோது அது பகலில் இலைவாயை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்து வைக்கும். மறுநாள் பகலில் அதைப் பயன்படுத்தும். கள்ளிச்செடிகள் செய்வதும் இதையே. இந்த இரண்டு முறைகளும் ஒரே இலையில் இருப்பது மிக அரிது. போர்ட்டுலக்கா இனத்தில் அது எப்படிச் சாத்தியமாகிறது என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது மேலே சொன்ன அதே பருப்புக்கீரையை. வறட்சியைத் தாங்கும் பயிர்களை உருவாக்க இது ஒருநாள் உதவலாம் என்ற எதிர்பார்ப்பு விஞ்ஞானிகளிடம் இருக்கிறது.

ஜுபைலின் வெயில் எப்படிப்பட்டது என்பது வளைகுடாவில் வாழாத வாசகர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் 45 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஆண்டு மழை 100 மில்லிமீற்றருக்கும் குறைவு. யாழ்ப்பாணத்தில் பெய்வது சுமார் 1,250 மில்லிமீற்றர். கோதுமைக்கு ஒரு பருவத்துக்கு வேண்டியது 450 முதல் 650 மில்லிமீற்றர் என ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் கணக்கிடுகிறது. அதாவது ஜுபைலின் மழை முழுவதும் கோதுமை வளரும் காலத்திலேயே பெய்தாலும், பயிருக்கு வேண்டியதில் கால்வாசிகூடத் தேறாது. மீதியை வேறெங்கிருந்தோ கொண்டுவர வேண்டும்.

பாலைவனத்தில் பச்சை வட்டங்கள்

றியாத், கஸீம், ஹாயில் பகுதிகளுக்கு மேலாக விமானத்தில் பறந்தவர்கள் கீழே வட்ட வட்டமாகப் பச்சை நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆழ்குழாய்க் கிணற்றை நடுவில் வைத்து, சக்கரங்களில் நகரும் நீண்ட குழாய் சுற்றிச்சுற்றி நீர் தெளிக்கும்போது உருவாகும் வட்டங்கள் அவை. குழாயின் நீளம் 400 மீற்றர் என்றால் ஒரு வட்டம் 50 ஹெக்டெயர் நிலம்.

இந்த வட்டங்களின் கதை 1970களின் இறுதியில் தொடங்குகிறது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பதிலுக்கு யாராவது தானியத்துக்குத் தடை விதித்தால் என்ன செய்வது என்ற அச்சம் எழுந்தது. அதை வீண் பயம் என்று நாம் சொல்ல முடியாது. பொருளாதாரத் தடையின் கீழ் மாவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் இருந்து பார்த்த சமூகம் நாம். தன் மக்களின் ரொட்டிக்கான மாவைத் தானே விளைவிக்க ஒரு நாடு விரும்புவதில் தவறு இல்லை.

அரசு விவசாயிகளுக்குத் தொன்னுக்கு 3,500 றியால் உத்தரவாத விலை அறிவித்தது. அது உலகச் சந்தை விலையைவிடப் பல மடங்கு அதிகம். நிலம், கடன், இயந்திரங்களுக்கு மானியம் எல்லாம் கிடைத்தன. 1980களின் நடுப்பகுதிக்குள் நாடு கோதுமையில் தன்னிறைவு அடைந்தது; மிகுதியை ஏற்றுமதி செய்யவும் தொடங்கியது. உத்தரவாத விலை 2,000 றியாலாகக் குறைக்கப்பட்ட பிறகும் விளைச்சல் ஏறியது. 1992இல் அது சுமார் 40 இலட்சம் தொன்னைத் தொட்டது. உள்நாட்டுத் தேவையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இந்த நீர் எங்கிருந்து வந்தது? நிலத்தடியில் ஆழமாகக் கிடந்த பழைய நீர்ப்படுகைகளிலிருந்து. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, அரேபியாவில் இன்றைவிட அதிகம் மழை பெய்த காலத்தில் பாறைகளுக்குள் இறங்கித் தங்கிய நீர் அது. எடுத்தால் திரும்ப நிரம்பாது. எண்ணெயைப் போலத்தான், ஒரே வேறுபாடு, எண்ணெய்க்கு மாற்று உண்டு.

ஒரு கிலோ கோதுமை விளைய உலகச் சராசரியாகச் சுமார் 1,800 லீற்றர் நீர் ஆகிறது என்பது நீர்த்தட ஆய்வாளர்களின் கணக்கு. உர மாசைக் கரைக்கத் தேவையான நீரை அதிலிருந்து கழித்துவிட்டு, மழைநீரையும் பாசன நீரையும் மட்டும் எடுத்தால் சுமார் 1,600 லீற்றர். இந்தச் சராசரிப்படி பார்த்தாலே 40 இலட்சம் தொன்னுக்கு 640 கோடி கன மீற்றர் வேண்டும். அந்த நீரால் எமது இரணைமடுக் குளத்தை நாற்பது தடவைக்கு மேல் நிரப்பலாம். இது ஒரே ஒரு ஆண்டின் விளைச்சலுக்கான கணக்கு.

கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. ஜுபைலுக்குத் தெற்கே உள்ள அல் ஹசா பாலைவனச் சோலையில், நூற்றாண்டுகளாகத் தாமாகவே பொங்கிய ஊற்றுகள் நின்றுபோயின. அவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் நாடு முழுவதும் நிலத்தடி நீர் இறங்கிய காலம் அது. இறுதியில் 2008இல் அரசு முடிவெடுத்தது: உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவை ஆண்டுக்கு 12.5 வீதம் குறைத்து, 2016இல் முற்றாக நிறுத்துவது. அப்படியே நடந்தது. 2018இல் சிறு விவசாயிகளிடமிருந்து ஓர் உச்சவரம்புக்குள் மீண்டும் வாங்க அனுமதி வந்தது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. இன்று ஜுபைலில் நாம் வாங்கும் குபுஸின் மாவில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் கருங்கடல் நாடுகளிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வந்த கோதுமையில் அரைத்தது. 70 கிராம் மாவில் செய்த ஒரு குபுஸ் நூறு லீற்றருக்கு மேற்பட்ட நீரைத் தன்னோடு கொண்டுவருகிறது. எங்கோ ஒரு நாட்டில் பெய்த மழை அது.

கோதுமையை நிறுத்தியதோடு சிக்கல் தீரவும் இல்லை. விவசாயிகள் பலர் மாட்டுத்தீவனப் புல்லுக்கு மாறினர். ஆண்டு முழுவதும் வளரும் அந்தப் புல் கோதுமையைவிட அதிகம் நீர் குடித்தது. அதற்கும் 2015இன் இறுதியில் கட்டுப்பாடு வந்தது. சவூதிப் பால் நிறுவனமொன்று அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கி, அங்கே தீவனம் விளைவித்துக் கப்பலில் கொண்டுவந்தது. பிறகு அரிசோனா மக்களும் தங்கள் நிலத்தடி நீர் போகிறதே என்று குரலெழுப்பினர். 2023 ஒக்ரோபரில் அந்த மாநில ஆளுநர் அரச நிலக் குத்தகைகள் சிலவற்றை முடிவுக்குக் கொண்டுவந்தார்.

பூவின் தண்ணீர்

இப்போது ஜுபைலின் பூப்பாத்திக்கு வருவோம். ஜுபைல் முத்துக்குளிப்பும் மீன்பிடியும் நடந்த பழைய ஊர். 1975இல் ஜுபைல், யன்பு நகரங்களுக்கான அரச ஆணைக்குழு அமைக்கப்பட்ட பிறகுதான் அதன் வடக்கே கைத்தொழில் நகரம் எழுந்தது. நிலத்தின் மேற்பரப்பு பல இடங்களில் சப்கா எனப்படும் உப்புத்தரை. ஆழமில்லாத நிலத்தடி நீர் உவர். எனவே இந்த நகரத்தின் குடிநீர் கடலிலிருந்து வருகிறது. ஜுபைலின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் 1980களின் தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்தவை. இங்கிருந்து நானூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள தலைநகர் றியாத்துக்கும் குழாய்வழியே குடிநீர் போகிறது.

கடலிலிருந்து எடுத்து உப்பு நீக்கிய நீர் வீட்டுக்கு வருகிறது. நாம் குளிக்கிறோம், சமைக்கிறோம், துணி துவைக்கிறோம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சுத்திகரித்த நீர் தனிக் குழாய்களில் திரும்பி வந்து வீதியோர மரங்களுக்கும் பூப்பாத்திகளுக்கும் பாய்கிறது. கைத்தொழில் நகரின் பசுமைக்குப் பெரும்பகுதி நீர் இப்படித்தான் கிடைக்கிறது. ஒருமுறை பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்தலாமா என்ற மார்க்க ஐயமும் இந்நாட்டில் நேரத்தோடு தீர்க்கப்பட்டது. போதுமான அளவு சுத்திகரிக்கப்பட்டு, உடலுக்குத் தீங்கில்லாத நீரை வணக்கத்துக்கான சுத்தத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம் என 1978இல் மூத்த உலமாக்கள் சபை தீர்ப்பளித்தது.

அப்படியானால் அதே நீரைக் கோதுமைக்கு விடலாமே என்று ஊரிலிருந்து வந்த பெரியவர் திரும்பவும் கேட்பார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 250 லீற்றர் நீர் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 91,250 லீற்றர். அதில் ஒரு துளியும் வீணாகாமல் சுத்திகரித்து வயலுக்கு விட்டதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருவருக்கு 100 கிலோ கோதுமை வேண்டுமென்றால், மேலே சொன்ன சராசரிப்படி 1,60,000 லீற்றர் நீர் வேண்டும். ஒரு மனிதர் ஆண்டு முழுவதும் பயன்படுத்திய நீர் அத்தனையும் அவருடைய ஏழு மாத ரொட்டிக்குத்தான் போதும். ஜுபைலின் வெயிலில் அதுவும் தேறாது.

அதே 250 லீற்றரைக் கொண்டு, சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்று வைத்தால், படரும் செடிகள் உள்ள 50 சதுர மீற்றர் நிலத்தைப் பசுமையாக வைத்திருக்கலாம். அந்தப் பசுமை மணல் பறப்பதைக் குறைக்கும், தரையின் சூட்டைத் தணிக்கும், மாலையில் பிள்ளைகள் நடக்க ஓர் இடம் தரும். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் அது சிறிய விடயமல்ல.

ஆகவே "தின்ன ஏலாத பூவுக்கு ஏன் தண்ணீர்" என்ற கேள்விக்கான பதில் இது: அந்தப் பூ குடிப்பது நாம் குளித்த நீரை. பாலைவனக் கோதுமை குடித்தது பேரப்பிள்ளைகளின் நீரை.

பூவின் பக்கத்துக் குறைகள்

இதனால் பூ எப்போதும் நல்லது, தானியம் எப்போதும் கெட்டது என்று ஆகிவிடாது. உக்ரேனில் மழையில் விளையும் கோதுமைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதேபோல் எல்லாப் பூக்களும் பத்துமணிப்பூ அல்ல. வளைகுடா நகரங்களில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் நடப்படும் பெட்டூனியாவும் அதுபோன்ற பருவப்பூக்களும் கோடை தொடங்கியதும் பிடுங்கப்பட்டு, அடுத்த பருவத்தில் புதிதாக நடப்படுகின்றன. பச்சைப் புல்தரை கோடையில் சதுர மீற்றருக்கு 8 லீற்றரும் அதற்கு மேலும் கேட்கும்.

வீட்டுச் சாடிக்கு நாம் ஊற்றுவது சுத்திகரித்த கழிவுநீர் அல்ல, குழாயில் வரும் குடிநீர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கடல்நீரை வடிகட்டிக் குடிநீராக்க ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் ஆகும். கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் பழைய நிலையங்களுக்கு இன்னும் அதிகம் சக்தி வேண்டும். பூவுக்கு ஊற்றும் ஒவ்வொரு வாளியிலும் எரித்த எண்ணெய் இருக்கிறது.

இந்தப் பசுமையை நட்டுப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தெற்காசியத் தொழிலாளர்கள் என்பதையும் நாம் அறிவோம். அவர்களில் எம்மவரும் உண்டு. சவூதியில் ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் கோடையின் சூடு குறைந்துவிடுவதில்லை. பூப்பாத்தியின் செலவைக் கணக்கிடும்போது அந்த உழைப்பையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அல் ஹசாவின் சிவப்பரிசி

இந்த மண்ணில் தானியமே விளைவதில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அல் ஹசா சோலையில் ஹசாவி அரிசி என்ற சிவப்பரிசி பரம்பரையாக விளைகிறது. வெப்பத்தையும் உப்பையும் தாங்கும் இனம் அது. உப்பைத் தாங்கும் அதன் குணத்தை வேறு நெல்லினங்களுக்குக் கொண்டுசெல்லும் ஆய்வுகளும் நடந்துள்ளன. விளைச்சல் சிறிது, விலையோ பெரிது. அது ஒரு நாட்டின் பசியைத் தீர்க்க விளைவித்த பயிர் அல்ல. பேரீச்சை மரங்களின் இடையே, கிடைத்த நீரின் அளவுக்குள் விளைவித்த பயிர். எங்கள் ஊர் மொட்டைக்கறுப்பனை நினைத்துக்கொண்டால் அந்த அரிசியின் மதிப்பு விளங்கும். யுனெஸ்கோ 2018இல் அல் ஹசாவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் கிணறுகள்

இந்தக் கதையை நாம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போக முடியாததற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. அதுதான் எங்கள் கிணற்று நீர். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. துலாவால் இறைத்த காலத்தில் எடுத்தது குறைவு. நீரிறைக்கும் இயந்திரம் வந்த பிறகு எடுப்பு வேகமானது. மழை நிரப்புவதைவிட வேகமாக எடுத்தால், அந்த இடத்தை நிரப்ப உவர்நீர் மேலே வரும். உரம் அதிகம் போடும் தோட்டப் பகுதிகளில் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதையும் ஆய்வுகள் பல தடவை காட்டியுள்ளன.

சவூதியின் நீர் பல்லாயிரம் ஆண்டுச் சேமிப்பு. எங்களது நீர் ஒவ்வொரு மாரியிலும் நிரம்பும் சிறு சேமிப்பு. அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள். ஆனால் இன்று ஊரில் ஆழ்குழாய்க் கிணறு அடிப்பதற்கான பணத்தில் ஒரு பகுதி ஜுபைலிலிருந்தும் துபாயிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும்தான் போகிறது. வீட்டைச் சுற்றிப் புல்தரை போடுவதற்கும், வளவு முழுவதும் சீமெந்து பூசுவதற்கும் நாங்கள்தான் அனுப்புகிறோம். சீமெந்து பூசிய முற்றத்தில் மழை நிலத்துக்குள் இறங்காது. பணம் அனுப்புமுன் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இந்த நீர் எங்கிருந்து வருகிறது? எடுத்த நீர் நிலத்துக்குத் திரும்ப என்ன வழி? கிணறு அடிக்கும் செலவில் ஒரு சிறு பங்கைக் கூரைநீரைச் சேர்க்கும் தொட்டிக்கும் அதை நிலத்துக்குள் இறக்கும் குழிக்கும் ஒதுக்கச் சொன்னால், அதுவே பெரிய உதவி.

கோதுமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. திருகோணமலையில் 1980இல் இயங்கத் தொடங்கிய பெரிய மா ஆலை அரைப்பது கப்பலில் வரும் கோதுமையைத்தான். எங்கள் பாணும் சவூதியின் குபுஸும் அந்த வகையில் ஒரே நிலையில் இருக்கின்றன. சி4 வகையான குரக்கனோ எங்கள் மானாவாரி நிலத்தில் மழையில் விளையும். வாரத்தில் ஓரிரு நாள் பாணுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டு அவிப்பதில் நீர்க்கணக்கும் அடங்கியிருக்கிறது.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு

பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. ஜுபைலில் இரண்டையும் வீட்டிலேயே வளர்க்கலாம்.

கோதுமை: தவிடு நீக்காத முழுக் கோதுமையை ஓரிரவு ஊறவைத்து, நொவெம்பர் நடுப்பகுதியில் அகலமான தொட்டியில் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையுங்கள். ஆழம் ஒரு முழமாவது இருக்க வேண்டும். மண் காயவிடக் கூடாது. மாசிக்குப் பிறகு கதிர் தெரியும்; ஏப்ரலில் அறுக்கலாம். ஒரு சதுர மீற்றரில் மிக நன்றாக விளைந்தால் அரைக்கிலோ மணி கிடைக்கும். ஊற்றிய நீரைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். 500 லீற்றருக்குக் குறையாது. அரைத்துச் சலித்தால் ஐந்தாறு குபுஸ் சுடலாம்.

பத்துமணிப்பூ: விரல் நீளக் கொப்புகளை முறித்து, பாதி மணலும் பாதிக் கலவை மண்ணும் போட்ட சாடியில் மார்ச் மாதத்தில் நடுங்கள். அடியில் துவாரம் கட்டாயம். ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும், நிழலில் பூக்காது. மேல் மண் நன்றாகக் காய்ந்த பிறகு அதிகாலையில் ஊற்றினால் போதும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பிற்பகல் வெயில் நேரே விழாத பக்கத்துக்கு நகர்த்துங்கள். சாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தால், ஒரு தடவை அடியால் வழிந்தோடும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். அரிசி கழுவிய நீரும் மரக்கறி கழுவிய நீரும் இதற்கு நல்லவை. உப்பிட்ட நீரும் சவர்க்கார நீரும் வேண்டாம்.

வீதியோரப் பாத்திகளில் முளைத்திருக்கும் கீரைகளைப் பிடுங்கிச் சமைக்க வேண்டாம். அங்கே பாய்வது அலங்காரச் செடிகளுக்கென்று விடும் நீர். கீரை வேண்டுமானால் கடையில் ஒரு கட்டு ரிஜ்லா வாங்கி, கறி வைத்ததுபோக மீதித் தண்டை ஒரு சாடியில் ஊன்றிவிடுங்கள். பத்துமணிப்பூவைப் போலவே அதுவும் துளிர்க்கும்.

ஏப்ரலில் அந்தத் தொட்டிக் கோதுமையை அறுக்கும் நாளில், நீர் எழுதிய கொப்பியையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஊரிலிருக்கும் அம்மம்மாவோடோ அப்பப்பாவோடோ பிள்ளைகளைத் தொலைபேசியில் பேசவிடுங்கள். எத்தனை வாளி ஊற்றி எத்தனை ரொட்டி சுட்டோம் என்று அவர்களே சொல்லட்டும். அப்படியே, வீட்டுக் கிணற்றில் இந்த வருடம் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்றும் கேட்கட்டும்.